சீட்டு ஒட்டாத சர்வர்

ஸ்டெல்லா போய்விட்டாள்.

காலையில் பழைய கடை நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே வரி. நாளை சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளியில் அடக்கம். ஆறு மாதமாக உடம்பு சரியில்லையாம்... எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தூரத்தில் நான் இல்லை. நான் சிங்கப்பூரில் இருப்பதைச் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்த காலத்தில், ஒரு சர்வீஸ் கடையில் நாங்கள் இருவரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தோம். அங்கே ஸ்க்ரூடிரைவர் பிடித்த ஒரே பெண் அவள்தான். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. இதையும் நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்த மெஷினைத் திறந்தாலும், உள்ளே என்னென்ன மாற்றினோம் என்று தினக்காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கேபினட்டுக்குள் ஒட்டிவிட்டுத்தான் மூடுவாள். கோந்தெல்லாம் கிடையாது. டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த சோற்றுப் பருக்கைதான்.

"எலி வந்து சர்வரையே தின்னுடப் போவுது" என்று கிண்டல் செய்வேன்.

"தின்னா தின்னுட்டுப் போவட்டும்ப்பா. அடுத்து திறக்கிறவன் திண்டாடக் கூடாதுல்ல?" என்பாள். சீட்டின் கடைசி வரியில் 'வேலை பார்த்தது' என்று போட்டுப் பெயர் எழுதுவாள்.

எனக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. சென்னைக்கு பஸ் ஏற வேண்டிய நாளன்று ஒரு ரைஸ் மில்லில் சர்வர் போடும் வேலை வந்தது. ஸ்டெல்லா லீவு. நான் மட்டும் போனேன்.

யாரோ கழித்துப் போட்ட பழைய மெஷின். அதில் புது ஹார்ட் டிஸ்க் மாட்டி லினக்ஸ் போட வேண்டும். இன்ஸ்டால் நல்லபடியாக முடியும்... ரீபூட் செய்தால் கருப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டே எழுத்து. அதோடு நின்றுவிடும். நாலு தடவை அப்படியே.

கடைசியில், மெஷினின் அடிப்படை செட்டிங் எல்லாம் இருக்கும் பயாஸுக்குள் போய், ஹார்ட் டிஸ்க்குக்கு நேராக 'ஆட்டோ' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'எல்பிஏ' என்று வைத்து, மறுபடி இன்ஸ்டால் செய்தேன். பூட் ஆகிவிட்டது. அந்தப் பழைய போர்டுக்குப் புது டிஸ்க்கின் அளவு தானாகப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பயாஸில் தேதி தப்பாக இருந்தது. போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி போகப் போகிறது என்று அர்த்தம். அது செத்துவிட்டால், ஒரு பவர் கட் போதும், நான் வைத்தது அழிந்து பழையபடி ஆட்டோவுக்கே போய்விடும். எனக்கு நன்றாகவே தெரியும். கையில் வேறு பேட்டரி இல்லை. சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை... பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் கரண்ட் போய் வந்தது. சர்வர் எழவில்லை.

குறுவை அறுப்பு சமயம். கையால் எழுதும் எடைச் சீட்டில் தில்லுமுல்லு நடக்கிறது என்றுதான் மில்காரர் கம்ப்யூட்டரே வாங்கினார். அதனால் கம்ப்யூட்டரில் எடைச் சீட்டு வராமல் ஒரு மூட்டையும் இறக்கவில்லை. வாசலில் நெல் டிராக்டர்கள் வரிசையாக நிற்க, மழை பிடித்துக்கொண்டது.

பார்க்கப் போனவள் ஸ்டெல்லா. எனக்கு மெயில் போட்டாள். "பயாஸ்ல ஏதாச்சும் மாத்துனியா? உள்ள சீட்டு இல்ல. மறைக்காம சொல்லுப்பா, இங்க நெல்லு நனையுது."

எனக்கு அப்போது புரொபேஷன். என்னைப் பற்றி விசாரிக்க கம்பெனியிலிருந்து எங்கள் கடை முதலாளிக்கு போன் போகும் என்று சொல்லியிருந்தார்கள். பயந்துவிட்டேன். "நான் ஒண்ணும் மாத்தல. ஆட்டோதான்" என்று பதில் போட்டேன்.

அவள் பார்த்தபோதும் ஆட்டோ என்றுதானே இருந்தது... என் பேச்சை நம்பி அதை மட்டும் தொடவில்லை. கேபிள் மாற்றினாள், ராம் மாற்றினாள், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்த்தாள். நாலாவது நாள், நான் சொன்னதைத் தள்ளிவைத்துவிட்டு அவளாகவே எல்பிஏ வைத்திருக்கிறாள். உடனே எழுந்துவிட்டது. அதற்குள் அடி மூட்டைகளில் நெல் முளைத்துவிட்டது.

மில்காரர் கடைக்கே வந்து கத்தினாராம். முதலாளி எல்லார் முன்னாலும், "அவன் நல்லா ஓட வச்சுட்டுப் போனத நாலு நாள் நோண்டிக் கெடுத்திருக்கா. பொம்பளப் புள்ளைய சர்வர்ல கை வைக்க விட்டது என் தப்பு" என்றாராம்.

என் மெயிலை அவள் பிரிண்ட் எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அதற்குப் பிறகு அவளை மெஷின் திறக்க விடவில்லை. கவுண்டரில் பில் போட உட்கார வைத்தார்கள். வேலையை விட்டபோது அவள் சர்டிபிகேட்டில் 'ஆபீஸ் அசிஸ்டென்ட்' என்று இருந்தது. என்னுடையதில் 'சிஸ்டம் இன்ஜினியர்'. இரண்டிலும் ஒரே முதலாளி கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு அவளுக்கு எங்கேயும் ஹார்டுவேர் வேலை கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்து கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நலம் விசாரித்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "இப்பவும் எல்லாம் ஆட்டோதானாப்பா?" என்றாள்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

"பந்தி போட்டாச்சு போல" என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போய்விட்டேன். அதன்பின் பார்க்கவே இல்லை.

டிக்கெட் பார்த்தேன். அடக்கத்துக்குள் வந்து சேர முடியாது.

ஸ்டெல்லா... ரொம்ப லேட். இருந்தாலும் ஒட்டிவிடுகிறேன்.

ரைஸ் மில் சர்வர். ஹார்ட் டிஸ்க் ஆட்டோவில் இல்லை, எல்பிஏ. பேட்டரி வீக், மாற்றவில்லை.

வேலை பார்த்தது: செல்வம்.