பச்சைத் தண்ணீரில் இறங்கிய ஜமுனா

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் ஜமுனா. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பல்லில் கடித்திருக்கும் பறி என்னும் ஓலைக்கூடைக்குள் போடுவார்கள். பொன்னேரிக் கல்லூரியில் படித்தபோதும் லீவு விட்டால் அம்மா முனியம்மாளோடு அவளும் இறங்கிவிடுவாள். பிறகு பாசியை ஆராயும் குழு ஒன்று சென்னையிலிருந்து வந்து, தண்ணீர் எடுத்துத் தரும் வேலையை அவளுக்குக் கொடுத்தது.

பழவேற்காட்டுக்கு மேலே போகும் செயற்கைக்கோள் ஏரியைப் படமெடுக்கும். படத்தில் பச்சை தெரிந்தால் அது விஷப்பாசியா, சாதாரணப் பாசியா என்று மேலிருந்து சொல்ல முடியாது. யாராவது அங்கே போய்த் தண்ணீரை மொண்டு வர வேண்டும். அந்த யாராவது ஜமுனாதான்.

அந்தச் சித்திரையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. ஏரித் தண்ணீர் அசையவே இல்லை. குழுவிலிருந்த அர்ஷியா அனுப்பிய படத்தில், முனியம்மாள் இறால் பிடிக்கும் பக்கம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

ஜமுனா படகு கேட்டுப் போனபோது இறால் வியாபாரி மூர்த்தி முந்திக்கொண்டிருந்தார். யாரும் அவளை ஏற்றக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். விஷம் என்று பேச்சு கிளம்பினால் இந்த ஊர் இறாலை எவனும் தொட மாட்டான் என்பது அவர் பயம். அது வீண்பயமில்லை என்று ஜமுனாவுக்கும் தெரியும்.

"உங்கம்மா சோத்துலயே மண்ணப் போடப் போறியா?" என்று கேட்டார்.

"எங்கம்மா அந்தத் தண்ணிய வாயில வாங்கிக்கினுதான் எறா புடிக்குது, அண்ணா. அதுல இன்னா கீதுன்னு நான் பாக்காம வேற யாரு பாப்பா?"

ஏரி ஆழமில்லாதது. பாட்டில்கள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க அவள் இறங்கி நடந்தாள். தூரம் போகப் போகத் தண்ணீர் அரைத்த கீரை போலக் கெட்டியானது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். அங்கே இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகளெல்லாம் சிவந்து தடித்திருந்தன. வெயிலுக்கு அப்படித்தான் அரிக்கும், பாதியில் எழுந்து வர முடியாது என்றாள் முனியம்மாள். ஜமுனா பாட்டில்களை நிரப்பினாள். பிறகு அம்மாவின் பறியைப் பிடுங்கிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். முனியம்மாள் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

விஷப்பாசிதான் என்று குழுவிடமிருந்து முடிவு வந்தது. ஏலக்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் தெளியும்வரை இறங்கக் கூடாது, மட்டிச் சிப்பி எடுக்கக் கூடாது, வடக்குப் பக்கத் தண்ணீரையும் பார்த்தாயிற்று, அது நன்றாக இருக்கிறது என்று ஜமுனா சொன்னாள். இதை வெளியில் சொல்லாதே என்று மூர்த்தி கத்தினார்.

"சொல்லத்தான் போறேன். முகத்துவாரம் தூந்து தண்ணி கெட்டுப்போச்சுன்னு நாம வாயத் தொறக்கலன்னா, ஏரி நல்லாதான் கீதுன்னு எழுதி வச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எவன் வந்து மண்ண வாருவான்?"

மறுநாள் அந்த முடிவோடும் படத்தோடும் தாலுகா ஆபீசுக்குப் போனாள். சில பெண்கள் கூடப் போனார்கள். அதிகாரிகள் மணலை வாருவதாகச் சொன்னார்கள், இன்னும் வாரவில்லை. அவள் போய்க் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். மழை வந்த பிறகே தண்ணீர் தெளிந்தது.

மூர்த்தி முனியம்மாளிடம் இறால் வாங்குவதை நிறுத்திவிட்டார். அவள் இப்போது பொன்னேரிச் சந்தையில் கூடையோடு உட்காருகிறாள். பழவேற்காட்டு இறாலா என்று யாராவது இழுத்தால் பதில் தயாராக இருக்கிறது.

"எம்பொண்ணு தண்ணியப் பாத்து சரின்னு சொன்ன எடத்துல புடிச்சது. வேணும்னா வாங்கு, இல்லன்னா நகரு."