சாலைக் கடையில் ஒரு ‘பாஸ்’

சரோஜத்துக்கு வாய் நீளம் என்று சாலைக் கடைத்தெருவில் சொல்வார்கள். எனக்கென்னவோ மற்றவர்களுக்கு நாக்கு குட்டை என்றுதான் தோன்றும்.

1952. திரவியம் பிள்ளையின் மிளகு மண்டியில் அவள் டைப்பிஸ்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் அப்பா பகவதிப்பெருமாள் அதே மண்டியில் மூட்டை சுமந்து, முதுகு ஒடிந்து படுத்துவிட்டார். வீட்டில் உலை கொதிப்பது இவள் சம்பளத்தில்தான். மண்டியில் ஒரு வழக்கம்: மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் முதல் கணக்கர் வரை எல்லாரும் முதலாளியை ‘எஜமான்’ என்றே அழைக்க வேண்டும். திரவியம் பிள்ளையின் அப்பா காலத்து ஏற்பாடு அது.

அன்று கொச்சியிலிருந்து டெலிபோன் வந்தது. “பாஸ் வெளியே போயிருக்கிறார்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தாள் சரோஜம். டைப்ரைட்டிங் வகுப்பில் கற்றுக்கொண்ட வார்த்தை. மரியாதையான புதுச்சொல் என்றே நினைத்திருந்தாள். திரும்பினால், வாசலில் திரவியம் பிள்ளை.

“என்னை என்னன்னு சொன்னே?”

கணக்கர் கல்யாணராமன் பதறி எழுந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் படித்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

“தப்பா ஒண்ணும் இல்லை, எஜமான். அதிகாரம் உள்ளவர்னு அர்த்தம். நம்ம குளச்சல்ல தோத்து ஓடினானே டச்சுக்காரன், அவன் பாஷையில பாஸ்னா எஜமான்தான். அமெரிக்காவுல கூலிக்காராளுக்கு ‘மாஸ்டர்’னு, அதாவது எஜமான்னு, சொல்லப் பிடிக்கலை, அது அடிமைகள் சொல்ற வார்த்தையாச்சேன்னு. அதனால இதை எடுத்துண்டா...”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காப்பாற்ற வந்தவர் குழியை இன்னும் ஆழமாக்கிவிட்டார்.

“அப்பம் உனக்கும் பிடிக்கல்லை, இல்லியா?” திரவியம் பிள்ளை சரோஜத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாயிருந்தது. “எல்லாரும் கேக்கட்டும். எஜமான்னு ஒருக்கா சொல்லு. இன்னைக்கே வேலையை நிரந்தரமாக்குதேன்.”

ஒரே ஒரு சொல். நானாயிருந்தால் இரண்டு தடவை சொல்லியிருப்பேன். சரோஜம் அதைச் சொல்லவில்லை.

“அய்யான்னு சொல்லுதேன். எஜமான்னு எங்கப்பா சொன்னது போதும். அவருக்கு இன்னும் முதுகு நிமிரல்லை.”

“நாளை முதல் வரண்டாம்.”

வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. எஜமான் காலில் போய் விழு என்பார் என்று காத்திருந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

“சின்னதில என் தோளில ஏறித்தான் மண்டிக்கு வருவான், அந்தத் திரவியம்” என்றார். “அழாதே மோளே. அடுப்பைப் பத்த வை.”