பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில், எங்கள் அபார்ட்மென்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் தட்டப்படும் கதவு 14-பி. திறப்பவர் ஜெயகுமாரி. மார்த்தாண்டத்துக்காரர். ஊரில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு, வேலை விசாவில் 1994-இல் நியூ ஜெர்சிக்கு வந்தார். பதினைந்து நிமிடத் தூரத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே அறுவை சிகிச்சை வார்டில் பகல் டூட்டி. கணவர் பால்துரை மனைவியின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்து, இங்கே கம்ப்யூட்டர் படித்து வேலைக்குச் சேர்ந்தவர். "நான் இவ இம்போர்ட் பண்ணுன சரக்காக்கும்" என்று யாரிடமும் சொல்வார்.

1999 ஆகஸ்டில், எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நான் பி.எச்.டி.க்கு அப்ளை பண்ணப் போறேன்" என்றார் ஜெயகுமாரி.

"எம்.எஸ்ஸி. எப்ப முடிச்சே?" என்று கேட்டார் ஜலஜா ஆன்ட்டி. கீழ்த்தளத்தில் இருப்பவர். யார் வீட்டுப் பிள்ளை எந்தக் கல்லூரியில் படிக்கிறது என்ற கணக்கெல்லாம் அவரிடம்தான்.

"முடிக்கல ஆன்ட்டி. பி.எஸ்ஸி.ல இருந்து நேரா."

"அது எப்படி? ரெண்டாங் கிளாஸ்ல இருந்து ஏழாங் கிளாஸுக்கு டபுள் ப்ரமோஷனா?"

எல்லோரும் சிரித்தோம். ஜெயகுமாரியும் சிரித்தார். ஆனால் உண்மையிலேயே அப்படி ஒரு படிப்பு இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சிக் கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நர்சுகளை இளங்கலைப் பட்டத்தோடு நேராக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வருடம் ஒரே ஓர் இடம். பால்துரைக்கு அதில் இஷ்டமில்லை. "ஏட்டி, ஸ்டெப் பை ஸ்டெப்பா போ. ரெண்டு வருஷத்துல மாஸ்டர்ஸ், அப்புறம் டாக்டர் மாதிரி மருந்து எழுதுற நர்ஸ் ப்ராக்டிஷனர், வெள்ளைக் கோட்டு" என்பது அவர் கட்சி. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இடம் கிடைத்தால் ஐந்து வருடம் பால்துரை வாய் திறக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் ஜெயகுமாரி, தான் எப்போதும் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் பச்சை அட்டை போட்ட நோட்டை அலமாரிக்குள் போட்டுவிட்டு வெள்ளைக் கோட்டுக்குப் படிக்க வேண்டும்.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்பது எனக்கு அக்டோபரில்தான் தெரிந்தது, என் அப்பா மூலமாக.

அப்பா கிட்டுசாமி பொள்ளாச்சியிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். வந்த இடத்தில் பித்தப்பையில் கல். ஜெயகுமாரியின் வார்டிலேயே ஆபரேஷன். மறுநாள் காலை ஓர் இளம் நர்ஸ் வந்து, "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்கள்" என்றாள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி.

நான் அப்பாவிடம் கேட்டேன்.

"பரவாயில்லேன்னு சொல்லு."

"நம்பர் கேக்கறாங்கப்பா."

"கொறைச்சலா ஒண்ணு சொல்லு. அந்தப் புள்ளைக்கு எதுக்குச் சிரமம்? நம்மளயும் சீக்கிரம் ஊட்டுக்கு உட்டுருவாங்கல்லோ."

நான் "ஒன்று" என்றேன். அவள் எழுதிக்கொண்டு போனாள்.

பத்து நிமிடத்தில் ஜெயகுமாரி வந்தார். நம்பரைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார். அது போர்வையை முறுக்கிப் பிடித்திருந்தது.

"அங்கிள், இப்ப ஊர்ல இருந்தா தோப்புக்கு ஒரு நடை போய்ட்டு வந்திருப்பீங்களா?"

"தோப்புக்கா? ஒருக்களிச்சுப் படுக்கவே முடியில அம்மிணி. உசுரு போவுது."

ஜெயகுமாரி "ஒன்று" என்பதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். டாக்டர் வந்தார், ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே நீர் கோத்திருந்தது. அன்றே வடித்தார்கள். அப்பா பிழைத்தார். "ஒன்று" என்று சொன்ன நான் அதற்குப் பிறகு இரண்டு கிலோ இளைத்தேன்.

பச்சை அட்டை நோட்டில் அப்பா நாற்பத்து மூன்றாவது ஆள். இரண்டு வருடமாக ஜெயகுமாரி பார்த்த, நம் பக்கத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அவர்கள் சொன்ன நம்பர் ஒரு பத்தியில். "மாடிப்படி ஏறுவீங்களா?", "குனிஞ்சு செருப்பு மாட்டுவீங்களா?" என்று கேட்ட பிறகு வெளிவந்த வலி அடுத்த பத்தியில். முப்பத்தெட்டுப் பேருக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை. வலியை நம்பராகச் சொல்லாதவர்களிடம் அதை எப்படிக் கேட்டு வாங்குவது? இதுதான் அவர் கேள்வி.

பிப்ரவரியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அன்று குளிரில் பால்துரையின் கார் கிளம்பவில்லை. நான்தான் ஓட்டினேன். பனி, லாரிகள், தவறவிடக்கூடிய எக்ஸிட்டுகள் என்று எனக்குக் கவலைப்படப் போதுமான விஷயங்கள் இருந்தன. பால்துரை என் பக்கத்தில் இருந்தார். ஜெயகுமாரி பின் சீட்டில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக வந்தார். உள்ளே போனவர் இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பிவிட்டார். ஏறி உட்கார்ந்தார். கிளம்பினோம்.

"என்னாச்சு?" என்றார் பால்துரை.

"நல்லாத்தான் பேசுனாங்க. எம்.எஸ்ஸி. இல்லியே, ரிசர்ச் அனுபவம் என்ன இருக்குன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம், ஏதோ கொஞ்சம் எழுதி வச்சிருக்கேன்னு சொன்னேன்."

"ஏதோ கொஞ்சமா! நோட்டக் காட்டுனியா?"

"அவங்க கேக்காம எப்படிக் காட்டுறது? நம்மளப் பத்தி நாமளே பீத்திக்கிட முடியுமா?"

வெள்ளைக் கோட்டுக்காக வாதாடிய மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி, ரெண்டு வருஷம் சாப்பாட்டு மேசையில எனக்கு இடம் விடாம எழுதுனது ஏதோ கொஞ்சமா? அவங்க என்ன பண்ணுனாங்க?"

"தலைய ஆட்டிட்டு பேப்பர்ல எழுதிக்கிட்டாங்க."

ஃப்ரீவேயில் ஏறினோம். பிறகு பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க."

"ஏம்மா, எதையாவது விட்டுட்டியா?"

"ஒண்ணுன்னு எழுதியிருப்பாங்க. அங்கிளுக்கு எழுதுன மாதிரியே. திருப்புங்க."

ஃப்ரீவேயில் எங்கே திருப்புவது? அடுத்த எக்ஸிட்டுக்கு நான்கு மைல். போய் வளைத்து வந்தபோது, நேர்காணல் செய்த பேராசிரியர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாராம். ஜெயகுமாரி கதவருகிலேயே நின்றபடி சொன்னதைப் பிறகு எங்களிடம் அப்படியே சொல்லிக்காட்டினார்: "மேடம், நான் முதல்ல சொன்ன பதில் தப்பு. எங்க ஆட்கள் வலியையும் கொறைச்சுத்தான் சொல்வோம், செஞ்ச வேலையையும் கொறைச்சுத்தான் சொல்வோம். நான் படிக்க நினைக்கிறதே இதைத்தான். தயவுசெஞ்சு இந்த நோட்டைப் பாருங்க."

பேராசிரியர் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாராம். அதெல்லாம் தெரியாமல் நாங்கள் காருக்குள் ஐம்பது நிமிடம் ஹீட்டரைப் போட்டும் அணைத்தும் காத்திருந்தோம். "செக்யூரிட்டிய கூப்ட்டுருப்பாங்களோ?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன். பால்துரை கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். எதற்காக என்று பிற்பாடு கேட்டேன். "வெள்ளைக் கோட்டு வேண்டாம்னுதான் அண்ணே" என்றார்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. பால்துரை அதில் எங்காவது "ஆனால்" இருக்கிறதா என்று மூன்று முறை படித்துப் பார்த்தார். இருந்தது. புள்ளியியல் பாடம் இரண்டு கூடுதலாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இடம் ஜெயகுமாரிக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜலஜா ஆன்ட்டி வாழ்த்தச் சென்றார். "டபுள் ப்ரமோஷன் கிடைச்சிட்டுதாமே! வேற ஆளே இல்லாம கொடுத்துட்டாங்களோ?" என்று சிரித்தார். வழக்கமாக இந்த இடத்தில், அதெல்லாம் ஒன்றுமில்லை, ஏதோ அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும். அதுதான் நம் மரியாதை.

ஜெயகுமாரி ஒரு நொடி யோசித்தார்.

"இல்ல ஆன்ட்டி. அறுபது பேரு அப்ளை பண்ணுனாங்க. நான் நல்லா வேலை செஞ்சிருந்தேன், அதனால எடுத்தாங்க."

ஜலஜா ஆன்ட்டி ஒரு மாதம் 14-பி பக்கமே போகவில்லை. தலைக்கனம் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த மாதம் அவருக்கு முழங்கால் வீங்கியது. கதவைத் தட்டினார்.

"லேசாத்தான் வலிக்குது" என்றார்.

"உள்ள வாங்க ஆன்ட்டி" என்றார் ஜெயகுமாரி. "படி ஏறி வரும்போது எத்தனை தடவை நின்னீங்க?"