மாமி என் கண்ணைப் பார்த்த மாதம்

கல்யாணம் முடித்து ஒன்பது வருடமாகியும் மாமி என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. சண்டை ஒன்றுமில்லை. எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். அங்கே மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது வெட்கக்கேடு. "மருமகனுக்கு இன்னங் கொஞ்சம் சோறு போடவா எண்டு கேளு புள்ள" என்று குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். எனக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் மனைவி வந்து திருப்பிச் சொல்லும்வரை நான் செவிடனாக இருக்க வேண்டும். மரியாதை என்றால் அப்படி.

அந்த மாமிக்கு, வெற்றிலை போட்டுப் போட்டு, கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய் வந்தது. கொழும்பில் டாக்டர் பார்த்துவிட்டு ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடிக்க வேண்டும் என்று திகதி கொடுத்தார். தொடங்கினால் இடையில் விடவே கூடாது, விட்டால் புண் மறுபடி தலையெடுக்கும் என்று மாமாவிடம் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். அந்தத் திகதி நெருங்கும் நேரம் பார்த்துத்தானா நாடு முழுக்கக் கண்நோய் வர வேண்டும்?

பார்த்தாலே தொற்றும் என்று எவனோ கிளப்பிவிட்டான். கல்முனைச் சந்தையில் மீன் விற்பவர் கடலைப் பார்த்துக்கொண்டு விலை சொன்னார், வாங்குபவர் பள்ளிவாசல் மினாராவைப் பார்த்துக்கொண்டு பேரம் பேசினார். கறுப்புக் கண்ணாடிக்குத் தட்டுப்பாடு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், நிக்காஹ் எழுதியவர் மூவரும் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்ததை நானே கண்டேன். "ஊரே மாமியும் மருமகனுமாப் போச்சு" என்றேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அவளுக்கும் வந்தது. பிறகு பிள்ளைகளுக்கு, மச்சான்மாருக்கு, கடைசியில் மாமாவுக்கு.

மாமியை மட்டும் உள்ளறையில் பூட்டாத குறையாக வைத்திருந்தோம். நோயாளியைப் பார்ப்பது நன்மை என்று பிஸ்கட்டும் தோடம்பழமும் கொண்டுவந்த சனத்தையெல்லாம் வேலிக்கு வெளியே நிறுத்தி சலாத்தை மட்டும் உள்ளே எடுத்தோம். ஆகவே திகதிக்கு முதல்நாள் அந்த வீட்டில் வெள்ளைக் கண் இரண்டே பேருக்கு. ஒன்று மாமி, மற்றது நான்.

"வேற வழியில்ல மருமகன், நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றார் மாமா. போதாததற்கு, அம்பாறையில் சிங்களவர்களோடு கந்தோர் வேலை பார்த்ததால் ஆஸ்பத்திரியில் கதைக்க எனக்குச் சிங்களமும் தெரியும். கதவுக்குப் பின்னால் மாமி "யா அல்லாஹ்!" என்றார். நோய் என்னவென்று தெரிந்த அன்றுகூட அவர் அப்படிக் குரலெடுத்ததில்லை.

கொழும்பு பஸ்ஸில் நான் முன் சீட், அவர் பின் சீட். இடையில் மகள் இல்லாததால் மாமி பையோடு கதைத்தார். "ஆருக்கும் பசியெண்டா பணிஸ் உள்ள கெடக்கு" என்று பைக்குச் சொன்னார். "ஆருக்கும் தலை சுத்தினா பஸ்ஸ நிப்பாட்டலாம்" என்று நான் ஜன்னலுக்குச் சொன்னேன். என் பக்கத்தில் இருந்த மனுசன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். மாமி பெண்களோடு உள்ளே, நான் வெளி விறாந்தையில். முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஓர் ஆள் டோர்ச் அடித்து எல்லோர் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் வந்தவரின் மகனுக்குக் கண் சிவந்திருந்தது; மகனை நிறுத்திவிட்டார்கள். பாஷை தெரியாத தகப்பன் தனியே உள்ளே போகப் பயந்து, மகனோடு திரும்பிப் போய்விட்டார். மாமி அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் விடிந்து நான் முகம் கழுவி வர, விறாந்தையில் மாமி நிற்கிறார். பை இல்லை, ஜன்னல் இல்லை.

"மருமகன், கண்ணக் காட்டுங்க."

ஒன்பது வருடப் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொறந்தாத்தானே பாக்கலாம்" என்றார்.

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் கீழிமையை நான் இழுத்துப் பிடிக்க, முக்காட்டை ஒதுக்கிவிட்டு, அரிசியில் கல் பார்ப்பதுபோல மாமி பார்ப்பார். இரண்டாம் கிழமையில் "ராவைக்கு நித்திரை இல்லையோ?" என்றார். நாலாம் கிழமையில், நான் பிள்ளைகளுக்கு அதிகம் செல்லம் கொடுக்கிறேன் என்று ஏசினார். ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்! வாய் வெந்து கஞ்சி இறங்காத நாளிலும் என்னை ஏச மட்டும் அவருக்கு வாய் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

இன்னும் மூன்றே நாள் இருக்கும்போது என் இடது கண் சிவந்தது.

"கறுப்புக் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம் மாமி" என்றேன்.

"உள்ள கெடக்கிற சனம் என்னையும்விட ஏலாததுகள். அதுகளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்களா? நான் தனியப் போறன். சிங்களச் சொல்லுகளச் சொல்லித் தாங்க."

ஆறடி தள்ளி நின்று சொல்லிக் கொடுத்தேன். வாய்க்கு 'கட்ட', தண்ணீருக்கு 'வத்துர', வலிக்கிறது என்பதற்கு 'ரிதெனவா', மெதுவாக என்பதற்கு 'ஹெமிங்'. விரல் மடித்து தஸ்பீஹ் ஓதுவதுபோல அவற்றை முணுமுணுத்துக்கொண்டே மாமி வாசலைக் கடந்தார். நான் எதிர்ப்பக்க மதிலோரம் நின்று, அவர் பயந்து திரும்பி வந்துவிடக்கூடாதே என்று ஓதாத ஓதலெல்லாம் ஓதினேன். திரும்பவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே.

கடைசி நாள் மட்டும் வெகுநேரமாகியும் அவரைக் காணவில்லை. உள்ளே ஓடவும் முடியாது. வாசல்காரரிடம் கெஞ்சலாம் என்று வீதியைக் கடக்கப் போனேன். அப்போது மாமி வெளியே வந்தார். கையில் 'முடிந்தது' என்று எழுதிய அட்டை. பின்னால் இரண்டு பெண்கள். ஒருவர் நெற்றியில் திருநீறு. ஊர் வீரமுனையாம், துணைக்கு வந்த மகனைக் கண்நோய் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். மற்றவர் அக்கரைப்பற்று, அவருக்கும் அதே கதை. இருவருக்கும் நாளைக்குத்தான் முதல் கரண்ட். பயத்தில் இருவரும் மாமியின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தார்கள்.

வீதிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, அத்தனை சனத்துக்கும் நடுவில், மாமி முக்காட்டை ஒதுக்கி என்னை நேரே பார்த்துக் கை காட்டினார்.

"அது என்ட மருமகன். சொல்லெல்லாம் அவருக்குத் தெரியும். வெக்கப்படாமக் கேளுங்க" என்றார்.