பஞ்சில் பட்ட ரத்தம்

போன வருஷம் மாசி மாதம். திருச்சுழிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். வெடித்த காயின் ஓட்டு நுனி காய்ந்து ஊசி மாதிரி நிற்கும். அசந்தால் விரலைப் பதம் பார்த்துவிடும். "ஏத்தா, ஒன் பஞ்செல்லாம் ரத்தமா இருக்கே! குத்துறதுகூடவா தெரியல?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி.

தெரியவில்லைதான். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் ஒரு வருஷமாகியிருந்தது. பக்கவாதம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. குட்டு உடைந்த ஆத்திரத்தில், "ஒங்க சோலியப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொத்தைப் பாகம் பிரித்ததிலிருந்தே எங்களுக்குள் அவ்வளவு ஒட்டில்லை. இனி பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் பையோடு வாசலில் நிற்கிறார். "கெளம்பு, மதுரைக்குப் போவோம். என்னைய அப்புறம் வஞ்சுக்க."

மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது, சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். ஆனால் இவ்வளவு நாள் விட்டுவிட்டதால் உணர்ச்சி திரும்புமா என்பது சில மாதம் போனால்தான் தெரியுமாம்.

கையில் கட்டோடு இருந்த நாட்களில் எனக்குத் தலை பின்னியது, ரவிக்கைக் கொக்கி மாட்டியது எல்லாம் அவர்தான். "அமுக்குணி, அமுக்குணி, ஒரு வருஷமா மறச்சு வச்சிருந்திருக்கியே" என்று திட்டிக்கொண்டே செய்வார். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் அப்படியேதான் கிடந்தன. தினமும் ஒரு அரிசியை எடுத்து உருட்டிப் பார்ப்பேன். எப்போதாவது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சாமியிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

இந்த மாசியில் மறுபடி பருத்தி. ஏதோ நினைப்பில் ஒரு காயைப் பற்றியவள், "ஆத்தீ!" என்று அலறிவிட்டேன். பாம்போ என்று பதறி ஓடிவந்தார் ஓரகத்தி. ஆள்காட்டி விரலை நீட்டினேன். நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

"குத்திருச்சுக்கா... வலிக்குதுக்கா!" சிரிக்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. விரலைத் தன் முந்தானையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, "நல்லா வலிக்கட்டும்" என்றார்.

நடுவிரல் நுனி இன்னும் கொஞ்சம் மந்தம்தான். ஆனாலும் இப்போது கொக்கியை நானே மாட்டுகிறேன். மாட்டும்போதெல்லாம், என் பேச்சையும் வாங்கிக்கொண்டு மறுநாளே பையோடு வந்து நின்ற அந்த மனுஷியை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.