ஒரு தொழிலுக்கு ஒருவர்

போன மாதம் ஒரு மத்தியானம் வக்கீல் லெட்சுமி என் அச்சகத்து வாசலில் காரை நிறுத்தி, மூன்று அட்டைப்பெட்டிகளை என் காலடியில் இறக்கினார். எங்கள் சேவைக் கழகத்தின் கடைசிச் செயலாளர் அவர். கழகம் மூடிச் சில வருடங்களாகின்றன. மூடினோம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வாரம் ஐந்து பேர் வந்தோம், மறு வாரம் மூன்று பேர், அதற்கடுத்த வாரம் நானும் பரிமாறுகிறவரும் மட்டும்.

"அண்ணே, ஆபீஸ் மாத்துறேன். இத வைக்க எடம் இல்ல லா. தூக்கிப் போடவும் மனசு வரல. நீங்கதான் பழைய ஆளு, வச்சுக்கங்க."

பழைய ஆள் என்பதும் ஒரு பதவிதான். தேர்தல் இல்லாமல் கிடைக்கும். ராஜினாமா செய்ய முடியாது.

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. அதற்கடியில் ஈரம் ஏறிக் காய்ந்த காகிதத்தின் வாசனை. முப்பது வருடமாகக் காகிதத்தோடு பிழைக்கிறவன் நான். ஆனால் அன்று மூக்கில் ஏறியது காகிதம் இல்லை, வியாழக்கிழமை. உங்களுக்கு எந்தக் கிழமைக்காவது வாசனை உண்டா? எனக்கு வியாழனுக்கு உண்டு. ஈப்போ பழைய டவுனில் ஒரு ஹோட்டலின் முதல் மாடி. ஏர்கான் தண்ணீர் சொட்டி ஊறிய கார்ப்பெட், ஹைனானியச் சீனச் சமையல்காரர் பொரிக்கும் சிக்கன் சாப், இருபத்தைந்து ஆண்பிள்ளைகளின் தலைக்கிரீம். இந்த மூன்றும் கலந்தால் எங்கள் கழகம்.

மத்தியானம் ஒரு மணிக்குத் தலைவர் பித்தளை மணியை அடிப்பார். எழுந்து நின்று மலேசிய தேசியகீதம் பாடுவோம். மாமன்னருக்கு நலம் வாழ்த்தி ரோஸ் சிரப் தண்ணீரைத் தூக்குவோம். கோட்டில் சின்னம் குத்தி வர மறந்தவர் தண்டனையாக எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். எனக்கு மறதி அதிகம், குரல் கிடையாது. எனக்காக ஒரு தீர்மானமே நிறைவேற்றினார்கள்: இவர் சின்னம் இல்லாமல் வந்தாலும் மன்னிக்கப்படுவார்.

சேவையும் செய்தோம், இல்லையென்று சொல்லவில்லை. சித்தியவான் பக்கம் வெள்ளம் வந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்திருக்கிறோம். ஒருமுறை ஒரு பெரியவருக்குச் சக்கர நாற்காலி கொடுத்தோம். புகைப்படக்காரர் "இங்க பாருங்க" என்றதும் பெரியவர் மரியாதைக்காக எழுந்து நின்று தலைவருக்குக் கை கொடுத்துவிட்டார். அந்தப் படம் பெட்டியில் இருக்கிறது. படத்தில் சங்கடப்படாத ஒரே ஆள் அவர்தான்.

என்னைக் கழகத்தில் சேர்த்தவர் பல் டாக்டர் சிவானந்தம். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பியானோ கேட்டு வளர்ந்தவர் டாக்டர். நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில், விடியுமுன் அம்மா பால்வெட்டப் போகும் சத்தம் கேட்டு வளர்ந்தவன். அவர் கிளினிக்குக்கு மருந்துச் சீட்டு அடித்துக் கொடுக்கப் போய்த்தான் பழக்கம். "நீங்கள் எங்கட கழகத்துக்கு வாங்கோ" என்றார். அதுவரை யாரும் என்னை எதற்கும் வாங்கோ என்றதில்லை.

முதல் வியாழக்கிழமை சிக்கன் சாப்பை நான் கத்தியால் அழுத்த, அது தட்டை விட்டுக் கிளம்பி எதிரே இருந்த டாக்டரின் தட்டருகே போய் இறங்கியது. மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் அதை எடுத்து என் தட்டில் வைத்தார். பிறகு தன்னுடைய சாப்பைக் கையாலேயே எடுத்துக் கடித்தார். "கோழிக்குக் கைதான் சரி" என்றார். அந்த நிமிடத்தில் இந்த மனிதருக்காக எதையும் செய்யலாம் என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு பல வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.

இனி எங்கள் கழகத்து விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர்தான். ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், ஒரு டயர்க்கடைக்காரர். அச்சுத் தொழில் நான். புதியவரைச் சேர்க்க வேண்டுமானால் ஓர் உறுப்பினர் பெயரைத் தர வேண்டும். பத்து நாள் அந்தப் பெயர் சுற்றில் இருக்கும். யாருக்காவது சம்மதமில்லை என்றால் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளில் எழுதி மணிக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டியில் போடலாம். ஒரு தாள் போதும், பெயர் விழுந்துவிடும். எழுதியது யார் என்று செயலாளருக்கும் தெரியாது.

நான் தந்த பெயர் ரெங்கன். ஒரே லயம், ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடம். என் காலில் கிடக்கும் தழும்பு அவன் சைக்கிளிலிருந்து விழுந்தது. ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையடியில் சவப்பெட்டிக் கடை போட்டான். சவ வண்டியும் அவனே ஓட்டுவான். கழகம் ஒருமுறை எங்கள் தோட்டத்துக் கிழவர் கிழவிகளுக்கு ஈப்போவில் கண் சிகிச்சை முகாம் வைத்தது. கூட்டிவர வேண்டிய பஸ் காலையிலேயே படுத்துவிட்டது. நான் ரெங்கனுக்குப் போன் போட்டேன். அவன் கறுப்பு வேனைத் துடைத்து, உள்ளே பாய் விரித்துக்கொண்டு வந்து நின்றான். கிழவிகள் ஏற மறுத்தார்கள்.

"டேய் ரெங்கா, நா இன்னும் சாகலடா!"

"ஏறு ஆயா. கொண்டு போறேன், திரும்பக் கொண்டாந்தும் விடுறேன். இந்த வாக்க நா யாருக்கும் குடுத்ததில்ல."

மூன்று நடை அடித்தான். மதியம் எங்களோடு உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டபோது மெதுவாகச் சொன்னான்: "மச்சான், நம்ம வண்டியப் பாத்தா ரோட்டுல எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறான். கல்யாணத்துக்கு ஒருத்தன் கூப்புட மாட்டேங்குறான். ஒங்க கிளப்புல வாரத்துக்கு ஒரு தடவ நாலு பேரோட ஒக்காந்து சாப்புடலாம்ல?"

அந்தத் தொழிலுக்கு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். "நல்ல மனுசன். பெயரைக் குடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். பத்து நாள், பெட்டி, தாள் என்ற விதியையெல்லாம் ரெங்கனிடம் சொல்லியிருந்தேன்; அவன் அதற்குள் டை வாங்கிவிட்டான். நீலத்தில் சிவப்புப் புள்ளி.

பத்தாம் நாள் பெட்டியில் ஒரு தாள் இருந்தது.

அவனிடம் சொல்லப் போனபோது டாக்டர்தான் கார் ஓட்டினார். வழியெல்லாம் கொதித்தார். "வேற யார், அந்த இன்சூரன்ஸ் தேவராஜ்தான். சவப்பெட்டிக்காரர் பக்கத்தில இருந்தால் தன்ர பாலிசி போகாதென்ற பயம்." எனக்கும் அது சரியாகப் பட்டது. டாக்டர் காரிலேயே இருந்துகொண்டார். நான் மட்டும் கடைக்குள் போனேன். என்ன சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "ரூலு அப்புடி மச்சான்" என்றேன். இப்படி நாலு பக்கம் கட்டுரை எழுதுகிறவனுக்கு அன்று கிடைத்தது மூன்று சொல்.

"பரவால்ல லா" என்றான் ரெங்கன். ஒரு பெட்டிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

அதன் பிறகு தேவராஜோடு பேசுவதை நிறுத்தினேன். பாவம், அவருக்குக் காரணமே தெரியாது. ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு முறுக்கு டின்னோடு வந்தார். நான் குளிக்கிறேன் என்று மகளைவிட்டுச் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் காத்திருந்தார். அவ்வளவு நேரம் குளிக்கிறவன் ஈப்போவில் கிடையாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பிறகு தன் மகளோடு இருக்க சிரம்பானுக்குப் போனார். அங்கேயே இறந்தார். நான் போகவில்லை.

இனி லெட்சுமி இறக்கிய பெட்டிகளுக்கு வருகிறேன். மூன்றாவது பெட்டியின் அடியில் ரெங்கனின் விண்ணப்பம். அதோடு துருப்பிடித்த கிளிப்பில் அந்தத் தாள்.

வெளிர் பச்சைத் தாள். எழுத்தைப் படிக்கும் முன் தாளைத் தடவிப் பார்ப்பது எங்கள் தொழில் வியாதி. தடவியதும் தெரிந்துவிட்டது. ஒரு கோவில் ரசீதுக்கு வாங்கி மிஞ்சிய காகிதம் அது. வீணாக்க வேண்டாமென்று ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு அதில் மருந்துச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். மேலே கிளினிக் பெயர் இருக்கும் பகுதியை அளவுகோல் வைத்து நேராகக் கிழித்திருந்தார். கவனமான மனிதர். ஆனால் அச்சடித்தவன் பெயரைத் தாளின் அடியில் எறும்பு வரிசை போலப் போடுவது எங்கள் வழக்கம். நோயாளிகள் அதைப் படிப்பதில்லை. டாக்டரும் படித்ததில்லை போலிருக்கிறது. என் பெயர் அங்கே இருந்தது.

அதற்குமேல், ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் இரண்டு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தோட்டத்து ஆள் ஒருவர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். ஒருவர் போதும்."

இரண்டு முறை படித்தேன். அச்சுத் தொழிலுக்கான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். டாக்டரின் கணக்கில் நான் இருந்த நாற்காலியே வேறு. சிக்கன் சாப்பைக் கையால் எடுத்துக் கடித்தாரே, அது எந்தக் கணக்கில் என்று அன்று முழுக்க யோசித்தேன். அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதுதான் தாங்க முடியவில்லை. முழுப் பொய்யன் என்றால் கோபித்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

டாக்டர் இப்போது மகனோடு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் அனுப்புவார். அந்தப் பச்சைத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு நீல டிக் விழுந்தன. "எழுதுகிறார்" என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ வந்தது. அன்றைக்கு மஞ்சள் ரோஜா.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ரெங்கனிடம் போனேன். அவனைப் பார்த்தே பல மாதம். ஒரு காலத்தில் சனிக்கிழமை தவறாமல் என் அச்சகத்துக்கு வருவான். பிறகு குறைந்தது, பிறகு கோவிலில், சந்தையில் பார்த்தால் தலையசைப்போடு சரி. கழகத்தில் பட்ட அவமானம், என்னைப் பார்த்தால் அது ஞாபகம் வருகிறது போலும் என்று நானே காரணம் எழுதி நானே நம்பியிருந்தேன்.

சவப்பெட்டிக் கடையில் இப்போது அவன் மகன் நிர்வாகம். ரெங்கன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாளைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தான். கீழே இருந்த என் பெயரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"பல் டாக்டரா?"

"ஆமா."

"நீ இல்லயா?"

எனக்குப் புரியவில்லை.

"இவ்வளவு வருசமா நா நீன்னுதான மச்சான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. "ஒன்னய விட்டா அந்தக் கூட்டத்துல என்னய யாருக்குத் தெரியும்? தெரியாத ஆள எவன் வேணாம்னு எழுதுவான்? நீ வேற டை கட்டிக்கிட்டு வந்து ரூலு ரூலுங்குற. லயத்துக் கத எல்லாம் நா அங்க வந்து ஒளறிருவேன்னு பயந்துட்டேன்னு நெனச்சேன். சரி, பெரிய மனுசனாயிட்டான், போவட்டும்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்த கேட்டுருக்கலாமேடா."

"நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

மகன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். குடித்தோம். கழகம் கூடிய ஹோட்டலை இடித்துவிட்டார்களாமே என்று ரெங்கன் கேட்டான். இடிக்கவில்லை, காப்பிக்கடை ஆக்கிவிட்டார்கள், கோலாலம்பூர்ப் பிள்ளைகள் வந்து படம் எடுக்கிறார்கள் என்றேன். நம் தோட்டம் என்றான். வீட்டுமனை என்றேன். லயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். இரண்டு பேருக்கும் தெரிந்த செய்திகள்தான். வேறு ஒன்றைப் பேசாமலிருக்க அவற்றைப் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவனே தொடங்கினான். "ஒங்கம்மா செத்தப்ப..."

எங்கள் தோட்டத்து ஆட்கள் எங்கே இறந்தாலும் ரெங்கன்தான் வண்டி எடுத்து வருவான். அவனே குளிப்பாட்டுவான், அவனே தோள் கொடுப்பான். அதற்குக் காசு வாங்கமாட்டான். கழகத்து விஷயம் நடந்த பிறகு இறந்த என் அம்மாவுக்கு மட்டும் அவன் வரவில்லை. வேனையும் இரண்டு ஆட்களையும் அனுப்பியிருந்தான். சித்தியவானில் ஒரு சாவு, விட்டு வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தான். தொழில் அப்படி என்று நானும் நினைத்துக்கொண்டேன். அம்மா அவனுக்கும் சேர்த்துத்தான் சோறு பிசைந்து ஊட்டியவள்.

"சித்தியவான்ல அன்னைக்கு யாரும் சாகல மச்சான்" என்றான்.

அம்மாவைத் தூக்கிய நான்கு பேரில் ஒருவன் நான், ஒருவர் என் மச்சினர். மற்ற இருவரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.