எனக்கு மட்டும் நடந்தது

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும், வரட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரில் நடந்த போருக்குத் தப்பி இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், கடைசி மகனோடு இருந்தேன். அவனை அகதியாக ஏற்றுவிட்டார்கள். என்னுடைய விசாரணை மிச்சம் இருந்தது. தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிப் போக எனக்கு வீடும் இல்லை, வாசலில் வந்து நிற்க ஆளும் இல்லை. தபால் பெட்டியை மகன் வந்த பிறகுதான் திறப்பேன்.

எனக்காக வழக்குப் பேச வந்த லோயர் ஒரு வெள்ளைக்காரி. மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். இந்த நாடு எதன் மேல் கட்டப்பட்டது என்று லோயர் முதல் நாளே சொன்னாள். முந்தி உரிமை என்பது ராசா கொடுப்பதாம். பிறகு யோசிக்கத் தெரிந்த சிலர், இல்லை, மனிதர் பிறக்கும்போதே அதைக் கொண்டு வருகிறார்கள், அதைக் காக்கத்தான் அரசு என்று எழுதி வைத்தார்களாம். அந்த யோசனை கடல் தாண்டி வந்து இங்கே சட்டத்துக்குள்ளும் இருக்கிறதாம்.

"நான் ஏழு பெத்தனான். அதுகள் கொப்பூழ்க்கொடியைத் தவிர வேற ஒண்டும் கொண்டு வரேல்லை," என்றேன்.

பிள்ளை சிரித்துச் சிரித்து லோயருக்குச் சொன்னாள். பிறகு என்னிடம், "ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிய இருக்காம் அன்ரி. நேற்று வந்து இறங்கின உங்களுக்கும். அதாலதான் உங்கட வாயால கேக்கப்போகினம்," என்றாள்.

விசாரணை பனிக்காலத்தில் வந்தது. எனக்குக் குனிய ஏலாது. மகன்தான் வழக்கம்போல் முழங்காலில் இருந்து என் காலில் சப்பாத்தை இழுத்துப் பூட்டிவிட்டான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையானவர். உண்மை சொல்வதாக என்னிடம் சத்தியம் வாங்கினார். உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். மூத்தவனை ராணுவம் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். "உங்களுக்கு?" என்று திரும்பக் கேட்டார். வீடு எரிந்ததைச் சொன்னேன். மூன்றாம் தரமும் அதே கேள்வி. எங்களில் ஒரு பொம்பிளையைக் கேட்டால் அவள் தன் வீட்டாரைத்தான் சொல்லுவாள். தன்னைச் சொல்லுகிறவளுக்கு வெட்கமில்லை என்போம். அவருக்கோ நான் எதையோ ஒளிப்பதாகப் பட்டது. பேனையை மூடி வைத்துவிட்டார்.

இடைவேளையில், இப்படியே போனால் கேஸ் போய்விடும் என்றாள் லோயர்.

"ஊர்க்கதையை விட்டுட்டு உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா," என்றான் மகன்.

"ஊரில்லாமல் நான் ஆரடா?"

ஆனால் எனக்கு நடந்தது ஒன்று இருந்தது. கட்டினவர் சாகும் வரைக்கும் அவருக்கும் சொன்னதில்லை. திரும்ப உள்ளே போனபோது மகன் என் பக்கத்துக் கதிரையில் இருந்தான். அவனை வெளியே அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாமாம். அதுவும் என் உரிமையாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஆமி செக்பொயின்ரில பஸ்ஸால இறக்கி, என்னைத் தார் றோட்டில முழங்காலில விட்டவங்கள். என்ர செருப்பைக் கழட்டி என்ர தலையிலயே வைக்கச் சொன்னவங்கள். வெயில் சாயுமட்டும் அப்பிடியே இருந்தனான். என்னட்டை வேலை செய்த சனம் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தது."

அந்தப் பிள்ளைக்கு இங்கிலீசு உடனே வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

சில கிழமைகளில் கடிதம் வந்தது. நான் இங்கேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது. மகன் வாசித்துக் காட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. விசாரணை அன்றிலிருந்தே அவன் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் கோயிலுக்கு வெளிக்கிட்டோம். அவன் குனிந்து சப்பாத்தைப் பூட்டினான். பூட்டி முடிந்தும் எழும்பவில்லை. கையை என் முழங்காலில் வைத்தான்.

"அண்டைக்கு அந்த றோட்டில நொந்ததோ அம்மா?"

"இல்லையடா," என்றேன். உண்மை சொல்வதாக நான் சத்தியம் பண்ணியது அந்த விசாரணை அறைக்குள் மட்டும்தான்.